அரைச் சுற்றில் நின்ற ஃபேன்

எங்கள் தீவின் நெய்யாஃபு துறைமுகத்தில் நங்கூரம் போடும் பாய்மரப் படகுக்காரர்களுக்கெல்லாம் லெசியேலியைத் தெரியும். வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வருகிறவர்கள் கரையில் முதலில் தேடுவது நல்ல தண்ணீரில் துவைத்த துணியைத்தான். லெசியேலி தன் புருஷன் கெலேப்பியின் சின்ன மோட்டார் படகில் ஏறி, ஒவ்வொரு படகாகப் போய் அழுக்கு மூட்டைகளை வாங்கி வருவாள். துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கனத்த உடம்பு, உரத்த சிரிப்பு, காதோரம் எப்போதும் ஒரு பூ. அவள் வருகிறாள் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. நடுவில் வேலி கிடையாது, ஒரு ஈரப்பலா மரம் மட்டும். அதனால் அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை.

அவளுடைய துவைக்கும் மெஷின் ஒருநாள் தண்ணீரை வெளியே தள்ளாமல் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. பழுது பார்க்கிற ஆள் தலைநகரிலிருந்து கப்பலேறி வரவேண்டும். அதுவரை அத்தனை படகுத் துணியையும் என்ன செய்வது? லெசியேலி மெஷினைக் கவிழ்த்துப் போட்டாள்.

"அடியே, திறந்தா மூடத் தெரியுமா உனக்கு?" என்று கெலேப்பி தலையில் கைவைத்தான்.

"மூடுறதை அப்புறம் பாத்துக்கலாம்ங்க. முதல்ல உள்ள யாரு உக்காந்திருக்கான்னு பாப்போம்."

உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரு குழந்தையின் காலுறை. அதைக் குறட்டால் இழுத்தெடுத்து, கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு எங்கள் வீடு வரை ஓடி வந்தாள். அன்றைக்குப் பிடித்தது அந்த ஆசை. அதற்குப் பிறகு ஊரில் எது நின்றாலும் அவளுக்குக் கை துறுதுறுக்கும். மின்விசிறி, மிக்சி, படகு இன்ஜினின் ஸ்டார்ட்டர். ஒரு கிழப் படகுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, செத்துப்போன தன் லேப்டாப்பை "தூக்கிப் போட்டுடும்மா" என்று அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் போடுவாளா? திறந்து பார்த்தால் உள்ளே எறும்புப் புற்று. பல்துலக்கும் பிரஷால் கூட்டிப் பெருக்கி, வெயிலில் வைத்து எடுத்து, அதை ஓடவிட்டாள்.

அந்த லேப்டாப்பில்தான் வீடியோ வெட்டி ஒட்டப் பழகினாள். எங்கள் தீவில் ஒவ்வொரு வீட்டிலும் பாதிப் பேர் வெளியூரில் இருக்கிறார்கள், ஆக்லாந்தில், சிட்னியில், அமெரிக்காவில் சால்ட் லேக்கில். இங்கே கல்யாணம் நடந்தாலும் சாவு நடந்தாலும் அவர்கள் பார்க்க வேண்டும். லெசியேலி படம் பிடித்து அனுப்பினாள். அவள் படத்தில் எல்லோர் முகமும் தெரியும், விருந்துக்குச் சமையல் குழியைத் தோண்டுகிறவன் முகம் உட்பட. அதனால் ஜனங்களுக்கு அவள் படம் பிடித்துப் போயிற்று.

இப்படி இருக்கையில், எங்கள் ஊர் பித்தளை வாத்தியக் குழுவுக்குப் புது வாத்தியங்கள் வந்தன. வெளியூர் உறவுகளெல்லாம் சேர்ந்து வாங்கி அனுப்பியவை. அந்தக் குழுவில் பெரிய டிரம் அடிப்பவன் நான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சர்ச் மைதானத்தில் முதல் அணிவகுப்பு என்று தீர்மானமாயிற்று. வாங்கிக் கொடுத்தவர்கள் அங்கிருந்தே அதை நேரலையில் பார்க்க ஆசைப்பட்டார்கள். சர்ச் கூட்டத்தில் லெசியேலி எழுந்து நின்று, "மூணு கேமரா வச்சுக் காட்டுறேன். டிவியில வர்ற மாதிரி மாத்தி மாத்திக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். மறுவாரமே அந்தப் பழைய லேப்டாப் ஒரேயடியாகக் கண்ணை மூடியது.

ஆக்லாந்தில் இருந்த ஃபிலிமோனேதான் வழி சொன்னான். அவன் கெலேப்பியின் அக்கா அகனேசியின் மகன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடைக் கிடங்கில் வேலை. "அத்தை, முழுசா வாங்கினா கப்பல்ல சாமான் பீப்பாயில வர்றதுக்குள்ள நொறுங்கிடும். பாகம் பாகமா அனுப்புறேன். நீங்களே கோத்துடுங்க. உங்களால முடியும்" என்றான்.

முடியுமா என்று அவன் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பாள். முடியும் என்று சொன்னதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. துணி காயப்போடும்போதுகூடக் கைபேசியை ஒரு கிளிப்பில் கொடியில் மாட்டிவிட்டு, யாரோ கம்ப்யூட்டர் கோக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை கப்பலில் சாமான் பீப்பாய் வந்தது. சர்க்கரை, டின் இறைச்சி, பிள்ளைகளுக்கு ஷூ, அவற்றுக்கு நடுவே குளியல் துண்டுகளில் சுற்றிய அட்டைப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கறுப்புக் கேபினெட். மகன் அனுப்பிய பீப்பாய் என்பதால் அகனேசியும் வந்திருந்தாள். நல்ல உயரம், நிமிர்ந்த நடை. எங்களில் புருஷனின் அக்கா என்றால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அக்கா உள்ளே உட்கார்ந்தால் தம்பி அதே அறையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பது மரியாதை இல்லை. ஆகவே அகனேசி உள்ளே பாயில் அமர்ந்ததும், கெலேப்பி வெளியே ஜன்னலுக்கு அடியில் ஒரு கவிழ்த்த வாளியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்குப் பக்கத்தில் அவர்கள் வளர்த்த பன்றி படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் லெசியேலி குளித்து, ஈரத் தலையைக் கொண்டை போட்டு, சுத்தமான பாயை விரித்து, எல்லாப் பாகங்களையும் அதன்மேல் பரப்பினாள். நான் மேளக் குச்சியோடு போய் நின்றேன்.

"என்னடா தவாகே, ஒத்திகைக்குப் போகலையா?"

"சாயங்காலம்தான் அக்கா. சும்மா பாக்கலாம்னு."

"பாரு. ஆனா மூச்சை மட்டும் இந்தப் பக்கம் விடாதே."

பிராசசரை மதர்போர்டில் வைக்கும்போது அவளே மூச்சை விடவில்லை. தபால்தலை அளவு பொருள். மூலையில் இருந்த சின்ன முக்கோணத்தைப் பார்த்து வைத்து, நெம்புகோலை மெதுவாக அழுத்தினாள். அதன்மேல் ஃபேன். பிறகு ராம் இரண்டு, டிஸ்க், பவர் சப்ளை. ஃபிலிமோனே எல்லா மென்பொருளையும் ஏற்கெனவே டிஸ்க்கில் ஏற்றி அனுப்பியிருந்தான். கடைசியில் மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் இறக்கித் திருகாணிகளை முறுக்கினாள். வயர்களை ஒவ்வொன்றாகச் செருகும்போது அதன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற மாதிரி.

"கொஞ்சம் இரு," என்று அகனேசி கண்ணை மூடி ஒரு நீண்ட ஜெபம் பண்ணினாள். ஆக்லாந்தில் இருக்கும் மகன், அவன் முதலாளி, கப்பல் மாலுமிகள் என்று எல்லோரும் அதில் வந்தார்கள். "ஆமென். இப்ப அமுத்து."

லெசியேலி பொத்தானை அழுத்தினாள். ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றியது. ஒரு சின்ன விளக்கு மினுக்கியது. எல்லாம் நின்றுவிட்டது.

"ஆச்சா?" என்றாள் அகனேசி.

"இல்ல அண்ணி. படுத்துருச்சு."

மறுபடி அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துச் செருகி அழுத்தினாள். மறுபடியும் அதே அரைச் சுற்று, அதே மினுக்கல்.

ஜன்னலுக்கு வெளியேயிருந்து கெலேப்பியின் குரல் வந்தது. அக்கா இருக்கும்போது உள்ளே பேச முடியாதே. அதனால் அவன் பன்றியிடம் பேசினான். "கேட்டியாடா? அரைச் சுத்து சுத்திச்சாம். நம்ம படகு இன்ஜினும் முதல் இழுப்புல அப்படித்தான். இன்னும் நாலு இழுப்பு இழுக்கச் சொல்லுடா."

லெசியேலி ஃபிலிமோனேவை வீடியோவில் கூப்பிட்டாள். கிடங்கின் பின்புறத்தில், ஒரு கையில் பணியாரத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"அத்தை! எப்படி இருக்கான் என் புது மச்சான்?"

"உன் மச்சான் கண்ணை முழிச்சு என்னைப் பாத்தான், பிடிக்கலை போல, திரும்பப் படுத்துட்டான்."

விவரம் கேட்டதும் அவன் உற்சாகமாகிவிட்டான். "அரைச் சுத்து சுத்திச்சா? அப்ப நல்லது!"

"நல்லதா? என்னடா நல்லது?"

"அசையவே இல்லைன்னாத்தான் பயப்படணும். கரண்டு உள்ள போகுது அத்தை. எங்கேயோ என்னமோ தப்பா இருக்கு, அதைப் பாத்துட்டு பவர் சப்ளை தானே நிறுத்திக்குது. இல்லைன்னா இந்நேரம் புகை வந்திருக்கும். எங்கேன்னு கண்டுபிடிச்சாப் போதும்."

அதைக் கேட்டதும் லெசியேலியின் முகம் மாறிற்று. உடைந்துபோன ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று நாங்களெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளோ ஒளிந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தேடப் போகிறவள் மாதிரி கால்களை மடக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு. முதல்ல யாரைக் கேக்கணும்?"

"ராமைக் கழட்டி மாட்டுங்க. டிக்குன்னு சத்தம் வரணும்."

வந்தது. ஃபேன் அரைச் சுற்றோடு நின்றது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாள், பிறகு மற்றதை. பிறகு வேறு பள்ளத்தில். அதே கதைதான்.

"பிராசசருக்குப் பக்கத்துல தனியா ஒரு கரண்டு வயர் போகணும் அத்தை. முதல் தடவை கோக்கிறவங்கள்ல பாதிப் பேர் அதை மறந்துடுவாங்க."

"நான் அந்தப் பாதியில இல்லடா," என்று கைபேசியை உள்ளே நீட்டிக் காட்டினாள். வயர் உறுதியாக உட்கார்ந்திருந்தது.

"அப்ப பொத்தான். பொத்தானோட வயரைப் பிடுங்கிட்டு, அது செருகியிருந்த ரெண்டு ஊசியையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு நொடி சேத்துத் தொடுங்க. பொத்தான் செய்யுறதும் அதேதான்."

"ஐயோ!" என்று அகனேசி எழுந்துவிட்டாள். "கரண்டு போயிட்டிருக்கிற சாமானை இரும்பை வச்சுத் தொடச் சொல்றான்! ஃபிலிமோனே, உன் மாமனுக்கு வேற பொண்டாட்டி கிடையாதுடா!"

"அம்மா, அது டார்ச் லைட்டு அளவு கரண்டும்மா. ஒண்ணும் ஆகாது."

லெசியேலி தொட்டாள். அரைச் சுற்று. "பொத்தான் பாவம். அதுமேல குத்தம் இல்ல," என்று ஒரு விரலை மடக்கினாள்.

அடுத்து பவர் சப்ளை. அதை எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, அவன் சொன்ன பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணைத்து, பிறகு சுவரில் செருகினாள். அதன் சொந்த ஃபேன் ஜோராக ஓடியது. நிற்கவே இல்லை. இன்னொரு விரல் மடங்கியது.

அதற்குள் ஃபிலிமோனேவின் ஓய்வு நேரம் முடிந்து, யாரோ அவனைக் கூப்பிட, இணைப்பு அறுந்துவிட்டது.

அகனேசி முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "என் பையன் அனுப்புனதுல குறை இருக்காது. ஒவ்வொண்ணையும் துண்டுல சுத்தி அனுப்பியிருக்கான். நீதான் எங்கேயோ முரட்டுத்தனமா முறுக்கிட்டே."

"இருக்கலாம் அண்ணி. என்னையும்தான் விசாரிக்கணும். நான் என்ன தனியா?"

"வாய் மட்டும் குறையாது உனக்கு."

"அது மட்டும்தான் அண்ணி நல்லா ஓடுது இன்னைக்கு."

அகனேசிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பன்றியும் கெலேப்பியும் சேர்ந்து உறுமினார்கள்.

மத்தியானம் அவித்த சேப்பங்கிழங்கும் மீனும் சாப்பிட்டோம். லெசியேலி நின்றுகொண்டே சாப்பிட்டாள், பார்வை கேபினெட்டை விட்டு நகரவில்லை. பாதி மீன் தட்டில் இருக்கும்போதே கையைக் கழுவிவிட்டு வந்து, "எல்லாத்தையும் வெளியே எடுக்கப்போறேன்" என்றாள்.

"எல்லாத்தையுமா? காலையிலேர்ந்து பண்ணினதையா?" என்றேன்.

"கூட்டத்துல எவன் திருடன்னு தெரியலைன்னா ஒவ்வொருத்தனா வெளியே கூப்பிடணும்டா. துவைக்கிற மெஷின்லயும் அப்படித்தானே பண்ணினேன்."

மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் வெறும் போர்டைப் படுக்கவைத்தாள். பிராசசரும் அதன் ஃபேனும் ஒரு ராமும் மட்டும். டிஸ்க் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். பவர் சப்ளையைப் பாயில் பக்கத்திலேயே வைத்து இரண்டு வயர் கொடுத்தாள். மானிட்டரைச் செருகினாள். கேபினெட் காலியாக ஓரத்தில் கிடந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அகனேசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நுனி ஊசிகளைத் தொட்டது.

ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றியது. முழுச் சுற்றுச் சுற்றியது. அப்புறம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மானிட்டர் கறுப்பிலிருந்து சாம்பலாகி, பளிச்சென்று எழுத்துகள் வந்தன.

லெசியேலி போட்ட கூச்சல் துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும். "வந்துட்டான்! வந்துட்டான்! தவாகே, பாருடா, சுத்துறான் பாரு!" என்று என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. அகனேசி இரண்டு கையையும் தூக்கி "ஆண்டவரே!" என்றாள். மனைவியின் சத்தத்தைக் கேட்டுக் கெலேப்பி எதுவும் யோசிக்காமல் உள்ளே பாய்ந்துவிட்டான். நடு அறைக்கு வந்த பிறகுதான் அக்கா கண்ணில் பட்டாள். அப்படியே திரும்பாமல், முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியே போனான். போகிற போக்கில் மானிட்டரை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டான்.

டிஸ்க்கையும் மற்ற ராமையும் சேர்த்துப் பார்த்தாள். எல்லாம் வேலை செய்தது. நான் ஒத்திகைக்குப் போய், குழுவில் எல்லோரிடமும் கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது என்று சொன்னேன். அன்றைக்கு நாங்கள் வாசித்த வேகம் பேண்ட் மாஸ்டருக்கே தாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நான் போனபோது அவள் எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் பொருத்தி முடித்திருந்தாள். மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமே. அகனேசி அணிவகுப்புக்காக, எங்கள் ஊரில் விசேஷத்துக்கு உடைமேல் சுற்றிக்கொள்கிற நல்ல பாயை இடுப்பில் கட்டி, தலையெல்லாம் எண்ணெய் மின்ன வந்திருந்தாள். லெசியேலி புன்னகையோடு பொத்தானை அழுத்தினாள்.

அரைச் சுற்று. மினுக்கல். அவ்வளவுதான்.

மைதானத்தில் இந்நேரம் நாற்காலி போட ஆரம்பித்திருப்பார்கள். சால்ட் லேக்கில் அப்போது இன்னும் வெள்ளிக்கிழமை இரவுதான் என்பதால், சாப்பாட்டை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று அங்கே எத்தனையோ குடும்பங்கள் ஏற்பாடு செய்திருந்தன.

ஜன்னலுக்கு வெளியே கெலேப்பி மெதுவாகப் பன்றியிடம், "அட்டைப் பெட்டிமேலயே வச்சுத் தூக்கிட்டுப் போகலாம்ல? நான் பிடிச்சுக்கிறேன்னு சொல்லு" என்றான்.

லெசியேலி உட்கார்ந்து கேபினெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு. பயந்துபோனோம்.

"அடியே, என்னடி ஆச்சு?" என்றாள் அகனேசி.

"அண்ணி! வெளியே இருந்தா ஓடுறான். உள்ள போனா சாகுறான். வேற எதுவுமே மாறலை. அதே போர்டு, அதே வயர், அதே கை. அப்ப யாரு மிச்சம்? இந்தக் கறுப்புப் பெட்டி! இத்தனை நேரம் எல்லாரையும் விசாரிச்சேன், எல்லாரையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவனைக் கேக்கவே இல்ல!"

உடனே பிரிக்க ஆரம்பித்தாள். அவள் விரல்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மதர்போர்டை வெளியே எடுத்துக் கவிழ்த்து, கதவுப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஓரிடத்தில் ஊசியால் கீறியதுபோல ஒரு பளபளப்பு.

கேபினெட்டின் தகரத்தில், மதர்போர்டு உரசாமல் நிற்பதற்காகச் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் முளைத்திருக்கும். போர்டில் துளை இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் நேராக அடியில் ஒரு கால். திருகாணி அதில்தான் இறங்கும். லெசியேலி ஓர் அட்டையை எடுத்துப் போர்டின் அளவுக்கு வெட்டினாள். போர்டை அதன்மேல் வைத்து, துளை இருக்குமிடத்திலெல்லாம் பேனாவால் குத்தி ஓட்டை போட்டாள். பிறகு அந்த அட்டையைக் காலிக் கேபினெட்டுக்குள் இறக்கினாள். பித்தளைக் கால்களெல்லாம் ஓட்டைகளுக்கு நேராக வந்து எட்டிப் பார்த்தன. அட்டை மட்டும் ஒழுங்காகப் படியவில்லை. நடுவில் ஓரிடத்தில் கூடாரம் போட்டதுபோல உப்பி நின்றது.

அந்த இடத்தை அவள் விரலால் அழுத்தினாள். அட்டைக்கு அடியில் ஒரு கால். அதற்கு மேலே துளை கிடையாது.

"இதோ இருக்கான்," என்று ரகசியம் மாதிரி சொன்னாள். "போர்டோட முதுகுல குத்திக்கிட்டு இருந்திருக்கான். கரண்டு தகரத்துக்குப் பாய்ஞ்சிருக்கு. அதான் மூச்சு விடுறதுக்குள்ள நிறுத்தியிருக்கு. மதர்போர்டு கருகாம பிழைச்சதே பெரிசு."

"அது ஏன் அங்கே இருக்கு?" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஃபிலிமோனேவே கூப்பிட்டான். அவனிடம் காட்டினாள். முகத்தைக் கைபேசிக்கு மிக அருகில் கொண்டுவந்து பார்த்துவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டான். "அத்தை, அந்தப் பெட்டி என் சிநேகிதன்கிட்ட இருந்தது. அவன் வேற பெரிய போர்டு வச்சிருந்தான். அதுக்குப் போட்ட காலை எடுக்காமலே குடுத்துட்டான்!"

அகனேசி கைபேசியைப் பிடுங்கினாள். "சிநேகிதன்கிட்ட இருந்ததா? அப்ப பழசா? உன் அத்தைக்குப் பழசை அனுப்பினியா? நேத்துப் பூரா இந்தப் பொண்ணை நான் என்னென்ன சொன்னேன் தெரியுமா உனக்கு?"

"அம்மா, பெட்டி நல்ல பெட்டிம்மா, காத்து நல்லாப் போகும்..."

"காத்துப் போகுதாம்! உனக்குள்ளேர்ந்து காத்தை இறக்கறேன் இரு!"

"அண்ணி, அவனை அப்புறம் திட்டிக்கலாம்," என்று லெசியேலி கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கால் களிம்பேறி இறுகியிருந்தது. விரலால் முடியவில்லை. அவளிடம் இருந்த சின்னக் குறடு வழுக்கியது. அவள் கேட்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. கெலேப்பியின் கை, அதில் மீன் தூண்டிலுக்கு வைத்திருக்கும் பெரிய குறடு. லெசியேலி பற்களைக் கடித்துக்கொண்டு திருகினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். கால் கழன்று பாயில் உருண்டது.

திரும்பக் கோத்தாள். இந்தத் தடவை அகனேசி ஜெபம் பண்ணவில்லை. "அமுத்துடி, அமுத்து!" என்று அவளே அவசரப்படுத்தினாள்.

ஃபேன் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கேபினெட்டுக்குள்ளேயே உயிரோடு இருந்தது. லெசியேலி அதைக் கட்டிப்பிடித்துத் தகரத்தில் முத்தம் கொடுத்தாள். அகனேசி லெசியேலியைக் கட்டிப்பிடித்து, தன் தலை எண்ணெய் முழுவதையும் அவள் கன்னத்தில் பூசிவிட்டாள். கைபேசிக்குள் ஃபிலிமோனே கிடங்கு அதிர விசில் அடித்தான்.

மைதானத்துக்குக் கெலேப்பியின் சித்தப்பா மகனுடைய வண்டியில் போனோம். கம்ப்யூட்டர் லெசியேலியின் மடியில். ஒரு பள்ளத்துக்கும் அவள் ஓட்டுநரைத் திட்டாமல் விடவில்லை. போதகர் வீட்டுத் தாழ்வாரத்தில் மேசை போட்டு, அங்கிருந்தே இணைய வயர் இழுத்தார்கள். ஒரு கேமரா மாடியில், ஒரு கைபேசி சர்ச் வாசலில், இன்னொரு கைபேசி கெலேப்பியின் கையில், எங்கள் குழுவுக்கு எதிரே.

நான் டிரம்மை மாட்டிக்கொண்டேன். புதுத் தோல், புது வாசனை. மாஸ்டர் கோலை உயர்த்தினார். ட்ரம்பெட்டுகள் ஒன்றாக எழுந்தன. நான் முதல் அடி அடித்தபோது நெஞ்சில் மோதியது. தாழ்வாரத்தில் லெசியேலி ஒரு கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தாளம் போட்டபடி, மாடிக் கேமராவிலிருந்து வாசல் கேமராவுக்கும், அங்கிருந்து வாத்தியக்காரர்களின் உப்பிய கன்னங்களுக்கும் தாவிக்கொண்டிருந்தாள். மானிட்டரின் ஓரத்தில் ஊர் ஊராகச் செய்திகள் வந்து கொட்டின. 'அது என் அண்ணன் பையன்!' 'டிரம் அடிக்கிறவன் தொப்பையைப் பார்!' 'இன்னொரு தடவை அந்தப் பாட்டு, இன்னொரு தடவை!'

மூன்றாவது பாட்டில் அகனேசிக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வந்து கெலேப்பியின் கேமராவுக்கு நேர் எதிரே நின்று ஆட ஆரம்பித்துவிட்டாள். முழுத் திரையும் அவள் முதுகு. தள்ளி நில் என்று அக்காவிடம் அவன் எப்படிச் சொல்வான்? தவித்துக்கொண்டு லெசியேலியைப் பார்த்தான். அவள் கையை ஆட்டி, "விடுங்க, விடுங்க, அப்படியே காட்டுங்க!" என்று கத்தினாள். ஆக்லாந்திலிருந்து உடனே வந்தது: 'அது எங்க அம்மா! யாரும் கேமராவைத் திருப்பாதீங்க!'

எல்லாம் முடிந்து இருட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் வீட்டு மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் ஒரு வேலையும் தொடமாட்டார்கள். லெசியேலி சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, இலையில் கட்டிக் குழியடுப்பில் சுட்ட இறைச்சிப் பொதியைத் தட்டில் வைத்துக்கொண்டு, அணைந்திருந்த கம்ப்யூட்டருக்கு எதிரில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தொடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பதிவாகியிருந்த மூன்று கேமராப் படத்தையும் எங்கெங்கே வெட்டி எப்படி ஒட்டலாம் என்று எனக்கு விளக்கிக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் கோலைத் தூக்குகிற இடத்தில் ஆரம்பிக்க வேண்டுமாம். இல்லை, அதற்கு முன்னால், எல்லோரும் மூச்சை இழுக்கிற அந்த இடத்தில்.

"அதெல்லாம் நாளைக்குத்தானே அக்கா?" என்றேன்.

"நாளைக்குத்தான்டா," என்று தட்டை வழித்து நக்கினாள். "விடிஞ்சதும் வந்துடு. உன் தொப்பை வர்ற இடத்தை மட்டும் வேணும்னா வெட்டி எடுத்துடறேன்."